காந்தம் ஒட்டாவிட்டால் அது அசல் எவர்சில்வரா?

சாத்தம் சின்னஞ்சிறு தீவு. ஒரு பாலத்தைத் தாண்டினால் அந்தமானின் தலைநகரம். போர்ட் பிளேர் என்ற அந்த ஊருக்கு 2024-ம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள்.

சாத்தத்தில் உள்ள மர அறுவை ஆலை 1883-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஆசியாவின் மிகப் பழைய ஆலைகளில் ஒன்று. படாக் மரத்துக்குப் பேர் பெற்றது. 1942-ம் ஆண்டு ஜப்பானியர் போட்ட குண்டு தோண்டிய பள்ளம் ஆலை வளாகத்துக்குள் இன்றும் இருக்கிறது.

தீவைச் சுற்றி நாலு பக்கமும் உப்பு நீர். இங்கே இரண்டு பருவ மழையும் உண்டு. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் பெய்கிறது. சென்னையில் பெய்வதைப்போல இரண்டு மடங்கு. கூரைத் தகரம், கதவுக் கீல், ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின் எதுவும் துருவுக்குத் தப்புவதில்லை. பச்சை மரத்தில் இரும்பு ஆணி அடித்தால், ஆணி துருப்பிடிப்பதோடு மரத்திலும் கறுப்புக் கறை இறங்குகிறது.

ஆகவே பிழைப்புக்காக இங்கே வந்த தமிழ்க் குடும்பங்கள் எவர்சில்வரைத்தான் நம்புகின்றன. குடம், தூக்கு, தட்டு, தண்ணீர் டிரம், இப்போது மாடிப்படிக் கைப்பிடியும் கூட.

கடைக்குப் போகும்போது ஒரு காந்தத் துண்டை எடுத்துப் போகும் பழக்கமும் ஊரிலிருந்தே கூட வந்தது. பாத்திரத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். ஒட்டினால் "இது இரும்பு" என்கிறார்கள். ஒட்டாவிட்டால் "அசல்" என்று சொல்லிப் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்கள்.

இந்தச் சோதனையில் உண்மையும் இருக்கிறது, ஏமாற்றமும் இருக்கிறது. காந்தம் ஒட்டாமை ஒரு குணம். துருப்பிடிக்காமை வேறொரு குணம். பலம் மூன்றாவது குணம். மூன்றும் ஒரே உருக்கில் சேர்ந்து வருவது அபூர்வம். சேர்க்க வேண்டும் என்று புறப்பட்டவர்கள் பல ஆண்டுகள் பாடுபட்டிருக்கிறார்கள். நடுவில் ஒரு கடற்படை தன் நீர்மூழ்கிக் கப்பல்களையே இழந்திருக்கிறது.

சட்டைப் பையில் சாட்சி

முதலில் ஒரு சின்னச் சோதனை. சட்டைப் பையில் உள்ள ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக் காந்தத்தில் வையுங்கள். பளிச்சென்று ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் அந்த நாணயம் சுத்தமான எவர்சில்வர். நூற்றுக்கு 83 பங்கு இரும்பு, 17 பங்கு குரோமியம். ஆயிரம் கை மாறியும், வேர்வை பட்டும் அது துருப்பிடிப்பதில்லை.

துருவைத் தடுப்பது குரோமியம். 100 கிலோ உருக்கில் சுமார் 11 கிலோவாவது குரோமியம் இருந்தால், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று மேலே படிகிறது. கீறினாலும் காற்று பட்டதும் அது தானே மூடிக்கொள்கிறது. காந்தத்துக்கும் இந்தப் படலத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

வரலாறும் இதையே சொல்கிறது. 1913-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி உருக்கிய கத்தி உருக்கு காந்தத்தில் ஒட்டும். அதற்கு முந்திய ஆண்டு, ஜெர்மனியில் எஸ்ஸன் நகரத்து குருப் ஆலையில் வேறு வகை ஒன்றுக்கு உரிமை பதிவு செய்தார்கள். அதில் குரோமியத்தோடு நிக்கலும் இருந்தது. அது ஒட்டாது. நம் வீட்டுக் குடத்துக்கு மூதாதை அதுதான்.

அணுக்களின் அடுக்கு

இரும்பு அணுக்கள் பெட்டி பெட்டியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. சாதாரண இரும்பில், பெட்டியின் எட்டு மூலைகளில் எட்டு அணு, நடு வயிற்றில் ஒன்று. இந்த அடுக்கு காந்தத்துக்கு வசப்படும்.

இரும்பை 912 டிகிரிக்கு மேல் காய்ச்சினால் அணுக்கள் இடம் மாறுகின்றன. நடுவில் இருந்தது போய், பெட்டியின் ஆறு முகங்களிலும் வந்து உட்காருகின்றன. இந்த அடுக்கைக் காந்தம் இழுக்காது. ஆறவிட்டால் பழையபடி மாறிவிடும்.

நிக்கல் சேர்த்தால் ஆறிய பிறகும் இரண்டாவது அடுக்கு அப்படியே நிற்கும். 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல் என்பது பிரசித்தமான கலவை. கடைகளில் "304" என்று எண் போட்டு விற்பது இதுதான்.

நிக்கல் விலை உயர்ந்தது. நம் நாட்டுக்குப் பெரும்பகுதி வெளியிலிருந்து வர வேண்டும். மாங்கனீஸ் மலிவு. அதுவும் நிக்கல் செய்யும் வேலையில் ஒரு பகுதியைச் செய்யும், அதாவது அடுக்கைப் பிடித்து நிறுத்தும். ஆகவே நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய உருக்குகள் பிறந்தன. "200 வரிசை" என்பது இவற்றுக்குப் பெயர். இந்தியாவில் பாத்திரங்களுக்கு இது மிக அதிகமாகப் பயன்படுகிறது. சில வகைகளில் நிக்கல் சுமார் 1 பங்குதான். குரோமியமும் குறைவு.

காந்தம் இதிலும் ஒட்டாது. கடையில் ஏமாறும் இடம் இதுதான். காந்தத்தைப் பொறுத்தவரை 304-ம் ஒன்று, மலிவு ரகமும் ஒன்று.

மிருதுவான உருக்கு

எவர்சில்வர் என்றால் கடினமானது என்று நினைக்கிறோம். உண்மையில் 304 கொஞ்சம் மிருதுவானது. பதமாக்கிய நிலையில், சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 21 கிலோ இழுத்தால் அது நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும். பட்டறையில் ஜன்னலுக்கும் ஷெட்டுக்கும் போடும் சாதாரண ஆங்கிள் இரும்பே 25 கிலோ தாங்குகிறது.

பலப்படுத்த என்ன செய்வது? கத்தி உருக்கைப்போல் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் இது கடினமாகாது. குளிர்ந்த நிலையிலேயே அடித்து, உருட்டி, இழுத்தால் பலம் ஏறும். ஆனால் அடிக்க அடிக்க, 304-ல் சில அணுக்கள் பழைய அடுக்குக்குத் தாவிவிடுகின்றன. அந்த இடத்தில் காந்தம் லேசாக ஒட்டத் தொடங்கும்.

சமையலறைத் தொட்டியின் மூலை வளைவில் காந்தத்தை வைத்துப் பார்த்தால் இது தெரியும். தட்டையான இடத்தில் ஒட்டாது. மூலையில் மெல்ல இழுக்கும். இதைப் பார்த்துக் "கலப்படம்" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனவர்கள் உண்டு. பாவம், கடைக்காரர் மேல் குற்றம் இல்லை.

பலம் வேண்டும் என்றால் காந்தம் வந்துவிடுகிறது. காந்தம் கூடாது என்றால் பலம் இல்லை. பொறியாளர்கள் நெடுங்காலம் மாட்டிக்கொண்ட இடம் இது.

காற்றிலிருந்து வந்த பலம்

வழியைத் திறந்தவை இரண்டு பொருள்கள். ஒன்று மாங்கனீஸ். சாத்தம் ஆலை தொடங்குவதற்கு ஓர் ஆண்டு முன்பு, 1882-ல், ராபர்ட் ஹாட்ஃபீல்டு என்ற ஷெஃபீல்டுக்காரர் இரும்பில் 12, 13 பங்கு மாங்கனீசைக் கலந்தார். அடித்தால் இறுகும், ஆனால் காந்தம் ஒட்டாத உருக்கு கிடைத்தது. எவ்வளவு அடித்தாலும் அதன் அணு அடுக்கு எளிதில் மாறுவதில்லை. குரோமியம் இல்லாததால் துருப்பிடிக்கும்.

இரண்டாவது பொருள் நாம் மூச்சு விடும் காற்றில் 78 பங்காக இருக்கும் நைட்ரஜன். நைட்ரஜன் அணு மிகச் சிறியது. இரும்பு அணுக்களின் சந்து பொந்துகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். அணு வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் போகாமல் ஆப்பு வைத்ததுபோலப் பிடித்துக்கொள்ளும். இதனால் பலம் ஏறுகிறது. காந்தம் ஒட்டாத அடுக்கும் உறுதிப்படுகிறது. குரோமியத்தோடு சேர்ந்து, உப்பு உண்டாக்கும் குழித்துருவையும் தடுக்கிறது.

குழித்துருவை எதிர்க்கும் சக்திக்கு உலோகக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். குரோமியம் ஒரு பங்குக்கு 1 மார்க். மாலிப்டினம் ஒரு பங்குக்கு 3.3 மார்க். நைட்ரஜன் ஒரு பங்குக்கு 16 மார்க்!

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உருகிய இரும்பு நைட்ரஜனை ஏற்பதில்லை. 1,600 டிகிரியில் 100 கிலோ தூய இரும்பு, 45 கிராம் நைட்ரஜனைத்தான் கரைக்கும். சோடா பாட்டிலைத் திறந்ததும் வாயு பொங்கி வெளியேறுவதுபோல், மிச்சம் உலோகம் உறையும்போது குமிழியாகக் கிளம்பிவிடும். குரோமியமும் மாங்கனீசும் அதிகமாக இருந்தால் நைட்ரஜன் கூடுதலாகக் கரையும். போதாததற்கு, உலையை மூடி அழுத்தம் கொடுத்து உருக்குகிறார்கள்.

இப்படி 20 பங்கு மாங்கனீஸ், 18 பங்கு குரோமியம், அரைப் பங்குக்கும் மேல் நைட்ரஜன் என்ற கணக்கில் செய்த உருக்கை அடித்து இறுக்கினால், சதுர மில்லிமீட்டருக்கு 77 கிலோவுக்கு மேல் தாங்குகிறது. 304-ஐப்போல் மூன்றரை மடங்கு. காந்தத்தில் ஒட்டுவதும் இல்லை.

கல்பாக்கத்திலும் நைட்ரஜனின் கை இருக்கிறது. அங்குள்ள முன்மாதிரி வேக ஈனுலையின் பிரதானக் கலம் சுமார் 13 மீட்டர் விட்டம் உடையது. நைட்ரஜன் சேர்த்த எவர்சில்வரால் ஆனது. அங்கே காந்தம் ஒரு பொருட்டல்ல. உருகிய சோடியத்தின் சூட்டைத் தாங்கி நிற்கும் பலம்தான் வேண்டும்.

கடலுக்கு அடியில் திசைகாட்டி

சாத்தத்திலிருந்து வெகு தூரம் இல்லாத இடத்திலேயே இந்த உருக்கின் முக்கியமான உபயோகம் ஒன்றைச் சொல்ல முடியும்.

2025-ம் ஆண்டு செப்டம்பரில், அந்தமானின் கிழக்குக் கரையிலிருந்து 17 கிலோமீட்டர் தூரத்தில் இயற்கை வாயு இருப்பது தெரிந்ததாக மத்திய அரசு அறிவித்தது. ஆயில் இந்தியா நிறுவனம் தோண்டிய கிணறு அது. பெயர் ஸ்ரீ விஜயபுரம்-2. கடலின் ஆழம் அங்கே 295 மீட்டர். கிணற்றின் இலக்கு ஆழம் 2,650 மீட்டர். கிடைத்த வாயுவில் 87 பங்கு மீதேன்.

இவ்வளவு ஆழம் போகிற துளைக்கருவி நேராகத்தான் போகிறதா, கோணல் மாணலாகப் போகிறதா என்பது மேலே நிற்பவருக்கு எப்படித் தெரியும்? திசை ஒரு டிகிரி தவறினால், ஒரு கிலோமீட்டர் போவதற்குள் 17 மீட்டர் விலகிவிடும். பம்பாய் ஹையில் ஒரே மேடையிலிருந்து பல கிணறுகளைச் சாய்வாக நாலு பக்கமும் தோண்டுகிறார்கள். அங்கே விலகினால் ஒரு கிணறு இன்னொன்றில் போய் இடிக்கும். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் வாயு வெளியேறினால் மேடையில் உள்ள அத்தனை பேருக்கும் உயிராபத்து.

ஆகவே துளைக்கருவிக்குச் சற்று மேலே, குழாய்க்குள்ளேயே ஒரு கருவியை வைக்கிறார்கள். பூமியின் காந்தத்தை அளந்து திசை சொல்லும் மின்னணு திசைகாட்டி அது. துளைச் சேற்றில் அழுத்தத் துடிப்புகளை எழுப்பித் தன் செய்தியை மேலே அனுப்புகிறது.

திசைகாட்டியைச் சாதாரண உருக்குக் குழாய்க்குள் வைத்தால் என்ன ஆகும்? குழாயின் காந்தத்தைத்தான் அது காட்டும். எனவே கருவியைச் சுற்றியுள்ள கனத்த குழாய் காந்தம் ஒட்டாததாக இருக்க வேண்டும். "டிரில் காலர்" என்று அதற்குப் பெயர். ஒன்று சுமார் 9 மீட்டர் நீளம். சுவர் மிகத் தடிப்பு.

செம்பிலோ பித்தளையிலோ செய்தால் போதாதா? போதாது. டன் கணக்கான எடை மேலே அழுத்துகிறது. குழாய் சுழல்கிறது, வளைகிறது, முறுக்கப்படுகிறது. உப்புச் சேறு உள்ளும் புறமும் அரிக்கிறது. காந்தம் இல்லாமை, பலம், உப்பைத் தாங்குதல் மூன்றும் ஒன்றாக வேண்டிய இடம் இது. உப்பு தின்று விரிசல் விடாமல் இருக்க, குழாயின் உட்சுவரைச் சுத்தியால் கொத்துவதுபோல் கொத்தி இறுக்குகிறார்கள்.

இதில் அந்தமானுக்கு ஒரு சலுகை உண்டு. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடி வழியாகப் போகிறது. அதற்குப் பக்கத்தில் பூமியின் காந்தம் கிட்டத்தட்ட படுக்கைவாட்டில் இருப்பதால், திசைகாட்டிக்கு நல்ல பிடி கிடைக்கிறது. துருவப் பக்கம் போகப் போக இந்தப் பிடி குறையும். அங்கெல்லாம் ஒட்டாத குழாய் அதிக நீளம் வேண்டும்.

விரிசல் விட்ட நீர்மூழ்கி

கடலில் காந்தத்துக்குப் பயந்தவர்கள் போர்க்காலத்து மாலுமிகள். கப்பலின் இரும்பை உணர்ந்து வெடிக்கும் காந்தக் கண்ணிகளை ஜெர்மானியர் கடலில் போட்டார்கள். 1939 நவம்பர் 23-ந் தேதி, தேம்ஸ் நதி முகத்துவாரத்தில் சேற்றில் விழுந்து கிடந்த ஒன்றை, ஜான் ஊவ்ரி என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரித்தார். இரும்பு ஸ்பேனர் கிட்டே போனாலே வெடிக்கும் என்ற பயம். அதற்கென்றே பித்தளைக் கருவிகளைச் செய்து கொண்டுபோனார்கள். அந்தக் கண்ணியின் ரகசியம் அன்றுதான் வெளிப்பட்டது.

அதன் பிறகு கண்ணிவாரிக் கப்பல்களை மரத்தில் கட்டினார்கள். 1950-களில் இந்தியக் கடற்படை பிரிட்டனிடமிருந்து வாங்கிய மரக் கண்ணிவாரிகளில் ஒன்றுக்குக் கடலூர் என்றே பெயர்.

மரத்துக்குப் பதில் காந்தம் ஒட்டாத உருக்கில் கப்பல் கட்டினால் என்ன என்று மேற்கு ஜெர்மனி நினைத்தது. 1962-ல் கடற்படையில் சேர்த்த யு-1, யு-2 என்ற நீர்மூழ்கிகளின் உடலை அப்படித்தான் கட்டினார்கள். காந்தம் ஒட்டவில்லை. ஆனால் கடல் நீர் பட்டு உருக்கு அரித்தது, விரிசல் விட்டது. இரண்டு கப்பல்களும் அந்த உடலோடு அதிக நாள் நீடிக்கவில்லை.

பிற்பாடு கலவையை மாற்றினார்கள். ஜெர்மனியின் 212 ரக நீர்மூழ்கிகள் காந்தம் ஒட்டாத உருக்கில் கட்டப்பட்டு ஓடுகின்றன.

ஒரு கிலோ, ஐந்து டன்

இதே பாடத்தை மின்சார நிலையங்களும் படித்தன.

அனல் மின் நிலையத்தின் ஜெனரேட்டருக்குள் ஒரு சுழலி நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது. அதன் இரண்டு நுனிகளிலும் செம்புக் கம்பிச் சுருள்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மையத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி இருக்கும் ஒரு கிலோ செம்பு, அந்த வேகத்தில் சுமார் 5 டன் பாரமாக வெளியே பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். அதைப் பிடித்து வைப்பது ஒரே ஒரு வளையம்.

அந்த வளையம் காந்தம் ஒட்டுவதாக இருந்தால் காந்த ஓட்டம் அதன் வழியே கசிந்து, சூடேறி, மின்சாரம் வீணாகும். ஆகவே ஒட்டாத உருக்கு வேண்டும். பலமோ சதுர மில்லிமீட்டருக்கு 100 கிலோ அளவுக்கு வேண்டும். வளையத்தை அடித்து உருவாக்கிய பிறகு, குளிர்ந்த நிலையில் உள்ளிருந்து விரித்து இறுக்குகிறார்கள்.

முன்பு 18 பங்கு மாங்கனீசும் 5 பங்கு குரோமியமும் உள்ள உருக்கில் வளையம் செய்தார்கள். பலம் இருந்தது. காந்தம் இல்லை. ஆனால் குரோமியம் குறைவு. ஈரம் பட்டால் போதும், நாள்பட நாள்பட மயிரிழை விரிசல்கள் ஓடின. பழுது பார்க்க ஜெனரேட்டரைத் திறந்து வைத்திருந்த நாட்களில் காற்றின் ஈரமே காரணமாகிவிட்டது. ஓடும்போது வளையம் உடைந்தால் துண்டுகள் குண்டுபோல் பறக்கும். வெளிநாடுகளில் அப்படி நடந்திருக்கிறது.

1980-களிலிருந்து 18 பங்கு மாங்கனீஸ், 18 பங்கு குரோமியம், கூடவே நைட்ரஜன் என்ற உருக்குக்கு மாறினார்கள். பழைய வளையங்களைத் தேடித் தேடிக் கழற்றினார்கள். வித்தியாசம் 13 பங்கு குரோமியமும் கொஞ்சம் நைட்ரஜனும்தான். காந்தத்தை வைத்துப் பார்த்தால் பழைய வளையமும் புதிய வளையமும் ஒன்றாகவே தெரியும்.

ஆஸ்பத்திரியில்

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறையில் உள்ள காந்தம், பூமியின் காந்தத்தைவிட 30,000 மடங்குக்கு மேல் சக்தி உள்ளது. 2018 ஜனவரியில் மும்பையில் ஒரு மருத்துவமனையில், ஆக்சிஜன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் போன ஒருவர் இழுபட்டு உயிரிழந்தார். நோயாளிக்குத் துணையாக வந்தவர் அவர். அந்த அறைக்கென்றே காந்தம் ஒட்டாத சிலிண்டர், ஸ்ட்ரெச்சர், நாற்காலி எல்லாம் தனியாக உண்டு.

வேலையில் அடிபட்டு எலும்பில் பிளேட், ஸ்குரூ வைத்துக்கொண்டவர்களுக்கு ஒரு பயம் இருக்கிறது, ஸ்கேன் எடுத்தால் பிளேட்டை இழுத்துவிடுமோ என்று. இன்று வைக்கப்படும் பிளேட்டுகள் டைட்டானியத்தில் அல்லது காந்தம் ஒட்டாத எவர்சில்வரில் செய்தவை. இழுக்காது. ஆனாலும் உடம்பில் உலோகம் இருப்பதை ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். படம் மங்கக்கூடும், சில பொருள்களுக்குத் தனி விதியும் உண்டு. இடுப்பு மூட்டு மாற்றும்போது வைக்கும் தண்டில் ஒரு வகை, நைட்ரஜன் ஏற்றிப் பலப்படுத்திய உருக்கிலேயே செய்யப்படுகிறது.

ஜெனீவா அருகே பூமிக்கு அடியில் உள்ள அணுத்துகள் மோதுவிப்பானில் 15 மீட்டர் நீளமுள்ள 1,232 காந்தங்களை இறுக்கிப் பிடித்திருப்பதும், ஜப்பானில் காந்த ரெயில் சோதனைப் பாதையின் கான்கிரீட்டுக்குள் கம்பியாக இருப்பதும் மாங்கனீஸ் அதிகமுள்ள இதே குடும்பத்து உருக்குகள்தான்.

பட்டறையில்

இந்த உருக்கோடு வேலை செய்பவர்கள் நம்மவர்களில் நிறைய. அவர்களுக்கு இது கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

கிரைண்டிங் மெஷினின் காந்தச் சக்கில் வைத்தால் பிடிக்காது. கிளாம்ப் போட வேண்டும். லேத்தில் மழுங்கிய டூலை வைத்துத் தேய்த்தால் மேல்தோல் இறுகி, அடுத்த டூலையும் தின்றுவிடும். கூரான டூல், குறைந்த வேகம், ஆழமான வெட்டு, தாராளமாகக் கூலன்ட் என்பதுதான் வழி. நட்டும் போல்ட்டும் இரண்டுமே எவர்சில்வராக இருந்தால், இறுக்கும்போது மரை ஒன்றோடொன்று கடித்துக்கொண்டு சிக்கிவிடும். மரையில் கிரீஸ் தடவாமல் மாட்டக்கூடாது.

வெல்டிங் முடிந்ததும் சாதாரண இரும்புக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது பலர் செய்யும் தவறு. இரும்புத் துகள் மேலே ஒட்டிக்கொண்டு, நாலு நாளில் அதுவே துருவாக இறங்கும். பழி எவர்சில்வர் மேல் விழும். பிரஷ்ஷும் எவர்சில்வராக இருக்க வேண்டும்.

பழைய இரும்புக் கடைக்காரருக்குக் காந்தம் பெரிய துணை. ஒட்டாத எவர்சில்வருக்கு அவர் கூடுதல் விலை கொடுப்பார். ஆனால் அவரும் காந்தத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. பெரிய வியாபாரிகள் துப்பாக்கிபோன்ற ஒரு கருவியை உலோகத்தில் வைத்து, என்னென்ன எத்தனை பங்கு என்று பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள். விற்பவர் கையில் மட்டும் இன்னும் காந்தத் துண்டுதான் இருக்கிறது.

உப்புக் காற்றில் எது தாங்கும்?

மேலே சொன்ன மார்க் கணக்கை வீட்டுக்குக் கொண்டு வரலாம். மலிவான 200 வரிசைக்குச் சுமார் 17 மார்க். 304-க்கு 18 முதல் 20. மாலிப்டினம் 2 பங்கு சேர்ந்த "316"-க்கு 24, 25. நாலும் ஐந்தும் மார்க் வித்தியாசம் சின்னதாகத் தெரியும். கடலோரத்தில் சின்னது இல்லை.

சமையலறைக்குள் புழங்கி, தினமும் கழுவித் துடைக்கும் தட்டுக்கும் டம்ளருக்கும் மலிவு ரகமே போதும். அதில் தவறு ஒன்றும் இல்லை. தண்ணீர் டிரம், குடம், தொட்டி போன்று எப்போதும் ஈரத்தில் இருப்பவற்றுக்கு 304 வேண்டும். சேலம் உருக்காலை 1980-களின் தொடக்கத்திலிருந்து இத்தகைய தகடுகளை உருட்டி வருகிறது. கடற்கரையைப் பார்த்த மாடிக் கைப்பிடி, கேட், படகுச் சாமான்களுக்கு 316 வாங்குவதுதான் கடைசியில் சிக்கனம். 304 கைப்பிடி போட்டவர்கள் வாரம் ஒரு முறையாவது நல்ல தண்ணீர் விட்டுத் துடைத்தால், பழுப்புக் கறை படிவது குறையும்.

எந்த ரகமானாலும் உப்பை எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைக்கக்கூடாது. நம் பாட்டிமார் உப்பையும் ஊறுகாயையும் ஜாடியில் வைத்தது சரிதான். சமைக்கும்போது பச்சைத் தண்ணீரில் கல் உப்பைப் போட்டால், அது அடியில் தங்கிக் குழி பறிக்கும். கொதித்த பிறகு போட்டுக் கலக்கினால் அந்த ஆபத்து இல்லை.

200-ஐயும் 304-ஐயும் எப்படிப் பிரித்து அறிவது? கண்ணுக்குத் தெரியாது, காந்தத்துக்கும் தெரியாது. ஒரு சொட்டு ரசாயனத்தை விட்டு, சிறு பேட்டரியைத் தொட வைத்து, நிறம் மாறுவதைப் பார்க்கும் சோதனை இருக்கிறது. மொத்த வியாபாரிகள் வைத்திருப்பார்கள். வீட்டுக்காரர் செய்யக்கூடியது பாத்திரத்தின் அடியில் எண் அடித்திருக்கிறதா என்று பார்ப்பதும், பில்லில் அந்த எண்ணை எழுதித் தரச் சொல்வதும்தான். எழுதித் தரத் தயங்குகிற கடையில் 304 விலை கொடுக்க வேண்டியதில்லை.

மீன்பிடிப் படகு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. புரொப்பெல்லர் ஷாஃப்ட் கடல் நீருக்குள்ளேயே கிடக்கிறது. பேரிங்குக்குள் தண்ணீர் தேங்கும் இடத்தில், படலத்தைப் புதுப்பிக்கக் காற்று கிடைக்காமல் 304 ஷாஃப்ட் குழி விழும். குழியிலிருந்து விரிசல் தொடங்கும். கரையிலிருந்து பல மைல் தள்ளி ஷாஃப்ட் முறிந்தால் என்ன ஆகும் என்பதைக் கடலுக்குப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

22 பங்கு குரோமியம், 13 பங்கு நிக்கல், 5 பங்கு மாங்கனீஸ், 2 பங்கு மாலிப்டினம், கால் பங்குக்குச் சற்றுக் கூடுதலாக நைட்ரஜன் சேர்த்துச் செய்த ஷாஃப்டுகள் இதற்கென்றே கிடைக்கின்றன. பதமாக்கிய நிலையிலேயே 304-ஐவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பலம். அதே எஞ்சினுக்கு மெல்லிய ஷாஃப்ட் போதும். விலை கூடுதல்தான். அதிலும் காந்தம் ஒட்டாது. விவரம் தெரிந்த மெக்கானிக், ஷாஃப்டின் நுனியில் பொறித்திருக்கும் எழுத்தைத் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையில் எடுக்கிறார்.